லேப்டாப்புக்கு வயர்லெஸ் மவுஸ்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

மவுஸ் பெட்டியின் மேல் கண்ணில் படும்படி அச்சிட்டிருப்பது பெரும்பாலும் டிபிஐ எண்தான் (நகர்வை மவுஸ் எத்தனை நுணுக்கமாக அளக்கிறது என்ற கணக்கு): 1000, 1600, 4000. முதல்முறை வாங்குகிறவர் அந்த எண்ணையும் விலையையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்து வரும் புகார்களோ வேறு மாதிரி. கர்சர் விட்டுவிட்டு ஓடுகிறது, மவுஸின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர் என்ற சிறு துண்டை லேப்டாப்பில் செருக இடமில்லை, மணிக்கட்டு வலிக்கிறது, பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்துவிட்டது. இவற்றில் ஒன்றுக்கும் டிபிஐக்கும் சம்பந்தமில்லை. எந்த மவுஸ் ஒத்துவரும் என்பது லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் போர்ட்டுகளையும், உங்கள் கையின் நீளத்தையும், மேசையின் மேற்பரப்பையும் பொறுத்தது. அந்த வரிசையிலேயே பார்ப்போம். (தமிழில் சுட்டி என்று அழகான சொல் இருக்கிறது. கடையில் போய்ச் சுட்டி கேட்டால் நெற்றிச்சுட்டியைத்தான் காட்டுவார்கள் என்பதால் இங்கே மவுஸ் என்றே எழுதுகிறோம்.)

லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள்

லேப்டாப்பில் எத்தனை யுஎஸ்பி போர்ட் இருக்கிறது, அவற்றில் எத்தனை எப்போதும் காலியாக இருக்கும் என்று எண்ணுங்கள். அகலமான செவ்வகம் யுஎஸ்பி-ஏ. சிறிதாக, ஓரம் வளைந்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைவது யுஎஸ்பி-சி. மவுஸோடு வரும் ரிசீவர் (டாங்கிள் என்றும் சொல்வார்கள்) பெரும்பாலும் யுஎஸ்பி-ஏ வகைதான். சில மாடல்களுக்கு யுஎஸ்பி-சி ரிசீவர் கிடைக்கிறது, ஆனால் குறைந்த விலை மவுஸில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மெல்லிய புது லேப்டாப் பலவற்றில் யுஎஸ்பி-சி மட்டுமே இருக்கும். அதில் ஒரு மாற்றி (அடாப்டர்) போட்டு ரிசீவரைச் செருகலாம், வேலையும் செய்யும். ஆனால் மாற்றியும் ரிசீவரும் சேர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பையில் போடும்போது ஒரு இடி இடித்தால் அந்த விசை முழுவதும் போர்ட்டின் மேல் விழும். மவுஸை விட அந்த போர்ட்டைச் சரிசெய்யும் செலவு பல மடங்கு. யுஎஸ்பி-சி மட்டும் உள்ள லேப்டாப்புக்கு புளூடூத் மவுஸே சரி.

அடுத்து, லேப்டாப்பில் புளூடூத் இருக்கிறதா என்பது. விண்டோஸ் 10, 11 என்றால் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். பட்டியலில் ‘புளூடூத்’ என்று ஒரு தலைப்பு இருந்தால் இருக்கிறது. இப்போது விற்கும் லேப்டாப்களில் இல்லாமலிருப்பது அபூர்வம். பழைய லேப்டாப்பில்தான் சிக்கல். இன்றைய புளூடூத் மவுஸ்களில் பெரும்பாலானவை குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் 4.0 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பைக் கேட்கின்றன. விண்டோஸ் 7 அந்த வகையைத் தானாக ஆதரிக்காது. வீட்டில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் லேப்டாப் இருந்தால், யோசிக்காமல் ரிசீவர் மவுஸ் வாங்குங்கள்.

ரிசீவரா, புளூடூத்தா

இரண்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. வேறுபாடு, லேப்டாப்பின் பக்கம் அதைக் கேட்பது யார் என்பதில். ரிசீவர் வகையில் மவுஸும் ரிசீவரும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. செருகினால் சில நொடிகளில் கர்சர் நகரும். எந்த லேப்டாப்பில் செருகினாலும் அப்படித்தான். டிரைவர் மென்பொருள் எதுவும் தேடிப் போட வேண்டியதில்லை. புளூடூத் வகையில் லேப்டாப்புக்குள் இருக்கும் சிப்பே கேட்கிறது. போர்ட் மிச்சம், தொலைக்க ஒன்றுமில்லை. பதிலுக்கு, சில நிமிடம் சும்மா விட்டால் மவுஸ் உறங்கிவிடும். மறுபடி தொடும்போது கர்சர் எழுந்துவர ஒரு நொடி ஆகலாம். சிலர் அதைக் கவனிப்பதே இல்லை, சிலருக்கு அது பல்லில் மாட்டிய நார் மாதிரி.

இரண்டும் உள்ள மவுஸும் உண்டு. அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு பொத்தான், 1, 2, 3 என்று சிறு விளக்குகள். லாஜிடெக் எம்720 இந்த வகைக்கு நல்ல உதாரணம். அலுவலக லேப்டாப், சொந்த லேப்டாப், டேப்லெட் என மூன்றோடு ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி மாறிக்கொள்ளலாம். இரண்டு கணினி வைத்திருப்பவர் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஒரே லேப்டாப்தான், யுஎஸ்பி-ஏ போர்ட் ஒன்று எப்போதும் காலி என்றால் சாதாரண ரிசீவர் மவுஸ் போதும். முதல் மவுஸுக்குப் பெரும்பாலானோருக்கு நாங்கள் சொல்வதும் அதுதான். தொந்தரவு குறைவு.

ரிசீவர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: ரிசீவர் தொலைந்தால் என்ன ஆகும்? விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ரிசீவர் தொலைந்தால் மவுஸும் போனதாகக் கணக்கு. வேறொரு ரிசீவரை அதோடு சேர்க்க வழி கிடையாது, நல்ல மவுஸ் குப்பைக்குப் போகும். லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த ‘யூனிஃபையிங்’ ரிசீவரும் 2021-இல் வந்த ‘போல்ட்’ ரிசீவரும் இதற்கு விலக்கு. இவற்றைத் தனியாக வாங்கி மீண்டும் ஜோடி சேர்க்கலாம். ஒரே ரிசீவரில் ஆறு கருவிகள் வரை, அதாவது மவுஸ், கீபோர்டு எல்லாம் சேர்த்து இணைக்கலாம். ஆனால் யூனிஃபையிங் மவுஸ் போல்ட் ரிசீவரோடு சேராது, போல்ட் மவுஸும் யூனிஃபையிங் ரிசீவரோடு சேராது. ஆரஞ்சு நிற நட்சத்திரம் போன்ற குறி இருந்தால் யூனிஃபையிங், பச்சை நிறத்தில் மின்னல் குறி இருந்தால் போல்ட். பெயர் பார்த்து வாங்காமல் குறி பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பல நிறுவனங்களின் ரிசீவர்களுக்குப் பக்கத்திலிருந்தே போலிச் சமிக்ஞை அனுப்பி, கீபோர்டில் தட்டியதுபோல் கட்டளை செலுத்த முடியும் என்பதை பாஸ்டில் என்ற ஆய்வு நிறுவனம் 2016-இல் காட்டியது. ‘மவுஸ்ஜேக்’ என்று அதற்குப் பெயர். வீட்டில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய கவலை இல்லை. வங்கி, கணக்குத் தணிக்கை போன்ற வேலைக்கு லேப்டாப் வைத்திருப்பவர் பெயர் தெரியாத பழைய ரிசீவரைச் செருகாமல், புளூடூத் அல்லது மறையாக்கம் (என்கிரிப்ஷன்) உள்ள புது ரிசீவருக்குப் போவது நல்லது.

கையை அளந்துகொள்ளுங்கள்

செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிற நாம் மவுஸுக்குப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்கேல் எடுத்து, மணிக்கட்டில் உள்ள மடிப்புக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளவெடுங்கள். 17 செ.மீ.க்குக் கீழ் என்றால் சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை. மவுஸின் நீளம் இதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் இருந்தால் பிடி இயல்பாக இருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 18 செ.மீ. கை என்றால் 108 மி.மீ. அளவுள்ள மவுஸ்.

சந்தையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கும் கிடைக்கும் லாஜிடெக் எம்185 நீளம் 99 மி.மீ. அதே நிறுவனத்தின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் ஏறத்தாழ 125 மி.மீ., எடை 141 கிராம். ஒல்லியான சிறு கைக்கு அந்தப் பெரிய மவுஸ் அம்மிக்குழவியைத் தள்ளுவது போலிருக்கும். அகலக் கை உள்ளவர் 99 மி.மீ. மவுஸை நாள் முழுக்கப் பிடித்தால் விரல்களை மடக்கி நண்டுக் கொடுக்குபோல் வைத்துக்கொள்வார். மாலையில் கட்டைவிரல் அடியில் வலி வரும். ‘லேப்டாப் மவுஸ்’ என்று சொல்லி விற்கும் பெரும்பாலானவை பையில் வைக்க வசதியாகச் சிறிதாகச் செய்யப்பட்டவை. பையைப் பார்த்துச் செய்த அளவு அது, கையைப் பார்த்துச் செய்ததில்லை. தினம் ஒரு மணி நேரம் பயன்படுத்துகிறவருக்கு எதுவும் ஓடும். எட்டு மணி நேரம் உட்கார்கிறவர், லேப்டாப் மேசையை விட்டு நகராது என்றால், முழு அளவு மவுஸே வாங்கட்டும்.

சோப்பு டப்பாபோல் தட்டையான, அழகான மவுஸ்கள் இப்போது நிறைய வருகின்றன. உள்ளங்கைக்கு அவற்றில் தாங்கல் கிடையாது. உள்ளங்கை மேசையில் கிடக்க, விரல் நுனியால் மட்டும் நகர்த்துகிறவருக்கு அவை பிடிக்கும். உள்ளங்கை முழுவதையும் மவுஸின் முதுகில் சாய்த்து வைக்கிற பழக்கமுள்ளவருக்கு முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு கையை வையுங்கள். நீங்கள் எந்த வகை என்று கையே சொல்லிவிடும்.

மணிக்கட்டு வலி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நிமிர்ந்த மவுஸ் ஒரு வழி. கைகுலுக்கும் நிலையில் கை நிற்கும்படி, ஏறத்தாழ 57 டிகிரி சாய்வில் செய்திருப்பார்கள். பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை சிறு பொத்தான்களைக் கிளிக் செய்யும்போது குறி தவறும், பயப்பட வேண்டாம். நிமிர்ந்த மவுஸ் வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. இடக்கைக்காரர்கள் மாடலின் பெயரிலேயே அது குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண மவுஸில் இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் அவர்களுக்குப் போதும். வலது, இடது பொத்தானை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

டிபிஐ கணக்கும் மேசையும்

டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி நகர்ந்ததாகச் சொல்கிறது என்பது. முழு எச்டி திரையின் அகலம் 1920 புள்ளி. 1000 டிபிஐ மவுஸ் கிட்டத்தட்ட 1.92 அங்குலம், அதாவது 5 செ.மீ. நகர்ந்தால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்விடும். 1600 என்றால் 3 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால், எக்செல் கட்டத்தின் ஓரத்தைப் பிடிக்கவே கை நடுங்கும். 4கே திரையோ, பக்கத்தில் இன்னொரு மானிட்டரோ இருந்தால் 1600 முதல் 2400 வரை பயன்படும். மற்றபடி 1000, 1600 என இரண்டு நிலை உள்ள மவுஸே சாதாரண வேலைக்கு நிறைவானது. விலை குறைந்த மவுஸில் பெரிய டிபிஐ எண் போட்டிருந்தால், அது சென்சாரின் உண்மைத் திறனாக இல்லாமல் கணக்கில் பெருக்கிக் காட்டியதாகவும் இருக்கலாம்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். மவுஸின் அடியில் ஒரு சிறு விளக்கு, ஒரு சிறு கேமரா. மேசையின் சொரசொரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை படம் பிடித்து, முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன நகர்வு என்று கணக்கிடுகிறது. சொரசொரப்பே தெரியாத இடத்தில் அதற்குக் கண் தெரியாது. கண்ணாடி மேசையும், மெருகேற்றிய கறுப்பு கிரானைட்டும், பளபளக்கும் சன்மைக்காவும் அதனால்தான் தொல்லை தருகின்றன. கண்ணாடியில் ஓடும்படி செய்த சென்சாரும் உண்டு. லாஜிடெக்கின் டார்க்ஃபீல்டு சென்சார் குறைந்தது 4 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியில் ஓடும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. அதற்கென்று பல ஆயிரம் செலவழிப்பதைவிட ஒரு மவுஸ் பேட் வாங்குவது மலிவு. அதுவும் இல்லையென்றால் ஒரு ஏ4 தாள். தாளின் நார் சென்சாருக்கு மிகப் பிடித்த மேற்பரப்பு. புது மவுஸில் கர்சர் தாவினால் முதலில் தாளில் வைத்துப் பாருங்கள். தாளில் ஒழுங்காக ஓடினால் மவுஸில் குறையில்லை, மேசையில்தான்.

படுக்கையில் உட்கார்ந்து விரிப்பின் மேல் மவுஸ் ஓட்டுகிறவர்கள் ஒரு கெட்டி அட்டை நோட்டைப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள். துணி அமுங்கும்போது சென்சாருக்கும் பரப்புக்கும் உள்ள தூரம் மாறும், நூலும் முடியும் சென்சார் குழியில் போய் உட்காரும்.

பேட்டரி

மூன்று வகை: டபுள் ஏ (பென்சில் பேட்டரி), அதைவிட மெல்லிய டிரிபிள் ஏ, உள்ளேயே பதித்த சார்ஜ் பேட்டரி. ஒரு டபுள் ஏ ஆல்கலைன் ஏறத்தாழ 23 கிராம், டிரிபிள் ஏ அதில் பாதி. மவுஸ் கனமாகத் தெரிவதற்கு பேட்டரியும் ஒரு காரணம். பெட்டியில் 12 மாதம், 24 மாதம் என்று போட்டிருப்பது நிறுவனம் தன் கணக்கில் சொல்வது. நாள் முழுக்க ஓட்டினால் அதைவிடக் குறையும். இருந்தாலும், ரிசீவர் மவுஸில் ஒரு டபுள் ஏ பல மாதம் தாங்கும் என்பது உண்மை. சார்ஜ் பற்றியே நினைக்க விரும்பாதவருக்கு இதுதான் நல்ல வகை.

செலவை மிச்சம் பிடிக்க, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் பேட்டரியை மவுஸில் போடாதீர்கள். அது தீரும்போது வெளித் துத்தநாகக் கூடே கரைந்து மெலிவதால் சீக்கிரம் கசியும். ஆல்கலைனும் மறந்துவிட்டால் கசியும். வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுத்து, பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டுக் கம்பித் தகடுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறு பேட்டரி போடலாம். தகடே அரித்துப் போயிருந்தால் பிழைக்காது. ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால் அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால், பேட்டரி குறைவு என்று சீக்கிரமே எச்சரிக்கை வரும். பெரும்பாலும் அதற்குப் பிறகும் சில நாள் ஓடும்.

பதித்த பேட்டரி என்றால் சார்ஜ் துளை யுஎஸ்பி-சி-யாக இருக்கட்டும், போன் சார்ஜர் கேபிளே போதும். அந்தத் துளை மவுஸின் மூக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் 2015 முதல் அது அடிவயிற்றில் இருக்கிறது. 2024-இல் யுஎஸ்பி-சி-க்கு மாறியபோதும் இடம் மாறவில்லை. சார்ஜ் ஏறும்வரை மவுஸ் மல்லாந்து கிடக்கும், வேலை நிற்கும். பதித்த பேட்டரி சில ஆண்டுகளில் திறன் குறையும், மாற்றுவதும் எளிதல்ல. மலிவு மவுஸில் இதை ஒரு சிறப்பாக நினைத்து வாங்க வேண்டாம்.

மிச்சம் மீதி

பக்கப் பொத்தான் இரண்டு இருந்தால் பிரவுசரில் முன்னும் பின்னும் போக உதவும். பழகிவிட்டால் விட முடியாது. வகுப்பறை, விடுதி அறை, குழந்தை தூங்கும் வீடு என்றால் சத்தமில்லாத மவுஸ் கேளுங்கள். பெட்டியில் ‘சைலன்ட்’ என்று போட்டிருக்கும். கிளிக் சற்று மெத்தென்று இருக்கும், அதைக் குறையென்று எண்ண வேண்டாம். நொடிக்கு எத்தனை தடவை இருப்பிடம் சொல்கிறது என்ற கணக்கில் சாதாரண மவுஸ் 125, விளையாட்டு மவுஸ் 1000. வேகமான கேம் ஆடாதவருக்கு இது தேவையே இல்லை. ஆடுகிறவர் புளூடூத்தை விட்டு ரிசீவர் வழியில் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கங்களில் மென்மையான ரப்பர் பூச்சு உள்ள மவுஸ் கடையில் பிடிக்கும்போது சுகமாக இருக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரப் புழுக்கத்தில், கை வியர்வையும் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பூச்சு சிதைந்து பலாப்பழப் பால்போல் ஒட்ட ஆரம்பிக்கும். ஈரப்பதம் அந்த வகைப் பாலிமரை உடைப்பதால் வருவது அது, துடைத்தால் போகாது. சற்றே சொரசொரப்பான சாதாரண பிளாஸ்டிக் உடம்பு நம் ஊருக்கு நீண்ட நாள் உழைக்கும்.

கடையில் ஐந்து நிமிடம்

சென்னை ரிச்சி தெரு போல மாதிரி மவுஸ்களை எடுத்துப் பார்க்கவிடும் இடம் பக்கத்தில் இருந்தால் லேப்டாப்போடு போங்கள். செய்ய வேண்டியவை:

1. உங்கள் லேப்டாப்பிலேயே இணைக்கச் சொல்லுங்கள். கர்சரை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். வட்டம் கோணல்மாணலாகக் கூடாது.
2. நீண்ட பக்கம் ஒன்றைத் திறந்து சக்கரத்தை ஒரே திசையில் உருட்டுங்கள். பக்கம் இடையில் ஒருமுறைகூட எதிர்த்திசையில் துள்ளக் கூடாது.
3. திரையில் ஒரு ஃபைலை, இடைவெளி விட்டு, ஒற்றைக் கிளிக்காக இருபது தடவை தொடுங்கள். ஒருமுறை தானாகத் திறந்தாலும் பொத்தானின் சுவிட்ச் சரியில்லை.
4. இடது பொத்தானின் முன் நுனி, நடு, பின்புறம் என மூன்று இடத்திலும் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் எழ மறுக்கிறது என்று தெரியும்.
5. பேட்டரி மூடியைத் திறந்து, ரிசீவரை வைக்க உள்ளே குழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழி இல்லாத மவுஸின் ரிசீவர் ஒரு நாள் தொலையும்.
6. பில்லில் மாடல் பெயர் எழுதி வாங்குங்கள். பெட்டியிலும் மவுஸின் அடியிலும் உள்ள மாடல் எண் ஒன்றா என்று சரிபாருங்கள். உத்தரவாதம் கோர பில் வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் இதே சோதனைகளைப் பொருள் வந்த அன்றே செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள்கள் ஓடிவிடும்.

வீட்டில் இணைக்கும்போது

ரிசீவர் பெட்டியில் இல்லை என்று பதறுகிறவர்கள் அதிகம். பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். பேட்டரி முன்பே போட்டு வந்திருந்தால் ஒரு சிறு பிளாஸ்டிக் நாடா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால்தான் மின்சாரம் பாயும். பிறகு அடியில் உள்ள சுவிட்சைத் தள்ளுங்கள். ரிசீவரைச் செருகினால் வேலை முடிந்தது.

புளூடூத் என்றால், மவுஸின் அடிப் பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை சுமார் மூன்று நொடி அழுத்துங்கள். விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘ஆட் டிவைஸ்’, ‘புளூடூத்’ என்று போனால் மவுஸின் பெயர் வரும். அதைத் தொடுங்கள். மேக்கில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘புளூடூத்’. சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. லினக்ஸிலும் சாதாரண மவுஸ் அப்படியே ஓடும். யூனிஃபையிங் போன்ற ரிசீவரில் ஜோடி சேர்க்க ‘சோலார்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

கர்சர் வேகத்தை விண்டோஸ் செட்டிங்ஸில் சரிசெய்யும்போது ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது இயங்கினால், கையை வேகமாக நகர்த்தும்போது கர்சர் கூடுதல் தூரம் ஓடும். வரைபடம், படத் திருத்தம் செய்கிறவர்கள் அதை அணைத்துவிட்டால் கை நகர்வுக்கும் கர்சருக்கும் ஒரே விகிதம் கிடைக்கும்.

மவுஸ் இணைந்ததும் டச்பேடை அணைத்துவிடும் வசதி விண்டோஸில் உண்டு. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் ஓடாமலிருக்க அது நல்லது. ஆனால் ஒரு சிக்கல்: மவுஸின் பேட்டரி தீர்ந்தாலும் ரிசீவர் செருகியிருக்கும்வரை மவுஸ் இருப்பதாகவே விண்டோஸ் எண்ணும். மவுஸும் ஓடாது, டச்பேடும் ஓடாது. லேப்டாப் கெட்டுவிட்டது என்று சர்வீசுக்குத் தூக்கிப் போகாதீர்கள். ரிசீவரைப் பிடுங்குங்கள், டச்பேட் வந்துவிடும்.

கர்சர் விட்டுவிட்டு ஓடினால்

அதிகம் ஏமாற்றும் கோளாறு இதுதான், காரணமும் மவுஸில் இருக்காது. வேகமான வகையான யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு தொழில்நுட்பக் குறிப்பில் இதை விளக்கியிருக்கிறது. ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகி, பெரிய படத்தை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் கர்சர் திக்கினால் சந்தேகமே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அரை மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை அதன் முனையில் செருகி மவுஸுக்கு அருகே வையுங்கள். மலிவான கேபிள்தான், புது மவுஸ் வாங்கும் செலவு மிச்சம். பல போர்ட் கொண்ட யுஎஸ்பி 3.0 ஹப்பில் ரிசீவரைச் செருகினாலும் இதே தொல்லை வரலாம்.

புளூடூத் மவுஸ் திக்கினால் வீட்டு வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சாலையில் வைஃபையும் மவுஸும் நெருக்கிக்கொள்வது குறையும். சும்மா விட்ட பிறகு மவுஸ் எழவே மறுத்தால் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் கருவியைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். லேப்டாப் பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். அதிலும் சரியாகவில்லை என்றால் பட்டியலிலிருந்து மவுஸை நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேருங்கள்.

கர்சர் தானாக நடுங்கினால் மவுஸைத் திருப்பி சென்சார் குழியைப் பாருங்கள். ஒரே ஒரு முடி போதும். ஊதிப் போகாவிட்டால் உலர்ந்த பஞ்சுக் குச்சி. அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளில் சேரும் கறுப்பு அழுக்கையும் அப்போதே நகத்தால் சுரண்டிவிடலாம். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஒற்றைக் கிளிக் இரட்டைக் கிளிக்காக மாறினால் அது சுவிட்சுக்குள் உள்ள உலோகத் தகடு தேய்ந்ததன் அடையாளம். சாலிடரிங் தெரிந்தவர் சுவிட்சை மட்டும் மாற்றிவிடுவார். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் திறக்காமல் பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

லேப்டாப்பைப் பையில் போடும்போது ரிசீவரை எடுத்து மவுஸின் குழியில் வைத்து, அடிச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பைக்குள் குலுங்கிக் குலுங்கி மவுஸ் விழித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி வீணாகும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் தொடப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, மவுஸோடு ஒரே உறையில் தனியாகப் போட்டு வையுங்கள்.